நேற்றைய எண்ணெய்

தியானப் பகுதி: பிரசங்கி 10:1, லேவியராகமம் 6:8-13



கிறிஸ்துமஸுக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. மாலை வேளையில் வீடு சந்திக்கப் போகும்போது, வாசலை எட்டுவதற்கு முன்னரே முறுக்கு வேகும் மணம் என்னை வரவேற்கிறது. உங்களில் பலர் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துவிட்டீர்கள். அச்சுமுறுக்கு அச்சைப் பரணிலிருந்து இறக்கி, எண்ணெயில் ஊறப் போட்டுவிட்டீர்கள். ஆகவே இந்த வாரத் தியானம் உங்கள் அடுப்பின்மேல் இருக்கும் எண்ணெயைப் பற்றியதாகவே இருக்கட்டும். அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு கடனும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு சேகரத்தில் நான் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அந்த ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பலகாரக் கடை போட்டார்கள். கிடைக்கும் பணம் ஏழைகளின் மருத்துவச் செலவுக்கு என்று தீர்மானித்திருந்தோம். வாணலிக்கு முன்னால் நின்றவர் எங்கள் சபையின் மூத்த சகோதரி ஒருவர். கணவரை இழந்தபின், பேருந்து நிறுத்தத்தின் அருகே முப்பது ஆண்டுகளாக வடை சுட்டு விற்று, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். நான் அவரை அக்கா என்றே அழைப்பேன்.

சனிக்கிழமை நண்பகலில் மூட்டிய அடுப்பு இரவு பத்து மணிவரை அணையவில்லை. வடை, பஜ்ஜி, வாழைக்காய் வறுவல், கடைசியில் மீன் கட்லெட் என்று எல்லாம் அந்த ஒரே எண்ணெயில் வெந்தன. கடை முடிந்தபோது பெரிய வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் மீந்திருந்தது. அக்கா கரண்டியால் அதை மொண்டு, விளக்கு வெளிச்சத்தில் ஊற்றிப் பார்த்தார்.

"ஐயா, இது செத்துப் போச்சு. நாளைக்கு ஆகாது. கொட்டிருவோம்" என்றார்.

நான் கணக்கு நோட்டைக் கையில் வைத்திருந்தேன். ஒரு டின் எண்ணெயின் விலை என்ன என்பது எனக்குத் தெரியும். "அக்கா, தருமக் காரியத்துக்கு வந்த பணம். வீணாக்கவேண்டாம். காலையில் வடிகட்டி, மேலே கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றிக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஐயா சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குருவானவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத தலைமுறை அது. அன்றிரவு எல்லாரும் மறுநாள் அசனத்துக்குக் காய்கறி நறுக்குவதில் மும்முரமாய் இருந்ததால், வாணலியை மூடிவைக்கவும் ஒருவருக்கும் நினைவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து அடுப்பு மூட்டியபோது, மாவு போடுவதற்கு முன்பே எண்ணெய் புகைந்தது. போட்டபின் சோப்பு நுரைபோலப் பொங்கி, அடங்கவே இல்லை. வடை வெளியே கறுத்து உள்ளே மாவாய் நின்றது. வாயில் வைத்தபோது தொண்டை கமறியது. அன்று மாலை சில பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். பெரியவர்கள் சிலர் நெஞ்செரிச்சலால் தூங்கவில்லை. அந்த எண்ணெய்தான் காரணமா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வடையைத் தின்ற எனக்குச் சோதனை தேவைப்படவில்லை.

பழி யார்மேல் விழுந்திருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். "அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கை முன்போல இல்லை" என்று கமிட்டிக் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். நான் அருகில் இருந்தேன். தொண்டைவரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன். அந்த வாரம் பேருந்து நிறுத்தத்தில் அவருடைய கடையைக் கடந்தபோது, வழக்கமாக நிற்கும் கூட்டம் இல்லை. அவரோ எவரிடமும், "ஐயாதான் சொன்னார்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிக் கழிந்தன. இரண்டாம் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. பந்தியில் முழங்காற்படியிட்டவர்களுக்கு நான் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஏந்திய இரு கைகள் எனக்கு முன்னால் வந்தன. மணிக்கட்டு முதல் விரல்வரை எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்தக் கையில் அப்பத்தை வைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர எனக்குக் கால் வரவில்லை.

ஆசீர்வாதம் கூறுமுன் சபையாரை உட்காரச் சொல்லி, நடந்ததை உள்ளபடியே சொன்னேன். எண்ணெயைக் கொட்டச் சொன்னவர் அக்கா. வேண்டாம் என்றவன் நான். இரண்டு வாரம் மௌனமாயிருந்து அவரைப் பழி சுமக்க விட்டவனும் நான். ஆலயத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபின் அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி ஐயா. ஆனா அடுத்த வருசம் எண்ணெய் விசயத்த எங்கிட்ட விட்டுருங்க" என்றார்.

நான் அத்தோடு விடவில்லை. ஒரு மாலை அவர் கடை மூடும் நேரத்தில் போய், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, எண்ணெயை எப்படிப் பேணுவது என்று எனக்குக் கற்றுத்தரும்படி கேட்டேன். இறையியல் கல்லூரி எனக்குக் கற்றுத்தராத பாடம் அது. அவர் சொன்னவற்றின் காரணங்களைப் பின்னர் நூல்களில் தேடிப் படித்தேன். அவர் சொன்ன எதையும் அறிவியல் மறுக்கவில்லை.

பிரியமானவர்களே, எண்ணெய்க்கு எதிரிகள் பலர். முதலாவது, நீர். சூடான எண்ணெயோடு நீர் சேரும்போது எண்ணெயின் மூலக்கூறு உடைந்து கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. அவை பெருகப் பெருக, எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்குகிறது. மாவில் இருக்கும் ஈரத்தை நாம் தவிர்க்க முடியாது. ஆனால் கழுவிய காயைத் துடைக்காமல் போடுவதையும், ஈரக் கரண்டியை விடுவதையும் தவிர்க்கலாம். இரண்டாவது, காற்று. காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயைச் சிக்குப் பிடிக்கச் செய்கிறது. வெளிச்சம் அதை விரைவுபடுத்துகிறது. மூன்றாவது, மிகுந்த சூடு. அதனால் உடைந்த துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எண்ணெய் தடிக்கிறது. பழைய வாணலியின் ஓரத்தில் பிசின்போல ஒட்டி, தேய்த்தாலும் போகாத பழுப்பு நிறப் படிவு அதன் விளைவுதான்.

இவற்றுக்கு எதிராக அக்கா செய்வதெல்லாம் சிறு சிறு காரியங்கள். அகன்ற வாயுள்ள சட்டியைவிட, குறுகி ஆழமான சட்டியை எடுப்பார். காற்று படும் பரப்பு குறையும். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பொரிக்கமாட்டார். அது ஏன் என்று அவருக்குத் தெரியாது, அவருடைய தாயார் அப்படிச் சொன்னார், அவ்வளவுதான். செம்பு மிகச் சிறிய அளவில் கலந்தாலும் எண்ணெய் விரைவில் சிக்குப் பிடிக்கும் என்பதை நான் பின்னர் அறிந்தேன்.

சூட்டை அவர் ஒரு சிட்டிகை மாவால் அளப்பார். மாவு அடியில் தங்கினால் சூடு போதாது. போட்டவுடன் கருகினால் அதிகம். மூழ்கி உடனே மிதந்து எழுந்தால் சரி. பலகாரம் பொரிக்க 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் போதும் என்று நூல்கள் சொல்கின்றன. அவருடைய மாவு அந்த அளவைத்தான் காட்டியிருக்கும் என்று எண்ணுகிறேன். ஒரு ஈடு எடுத்து அடுத்த ஈடு போடுவதற்குள் யாராவது பேச வந்தால், முதலில் தீயைத் தணித்துவிட்டுத்தான் பேசுவார். வெறும் எண்ணெய் சும்மா கொதித்துக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்காது.

ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் சாரணியால் அடியைத் துழாவி, உதிர்ந்த பொடியையும் கருகிய துகளையும் எடுத்துவிடுவார். அவை உள்ளே கிடந்தால் மீண்டும் மீண்டும் கருகி எண்ணெயைக் கறுக்கவைக்கும். கசப்பு அடுத்த வடையில் ஏறும். பொரித்ததன்மேல் உப்பு தூவவேண்டுமானால் தட்டில் எடுத்தபின் தூவுவாரேயன்றி, வாணலிக்கு மேலே கை நீட்டமாட்டார். நேந்திரங்காய் வறுவலுக்கு நாகர்கோவில் பக்கம் உப்பும் மஞ்சளும் கரைத்த நீரை எண்ணெயிலேயே தெளிப்பது வழக்கம். ஆகையால் அதை எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்துக்கொள்வார்.

உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கும் இந்த வரிசை பொருந்தும். முறுக்கையும் அச்சுமுறுக்கையும் முதலில் சுடுங்கள். அவை எண்ணெயை அதிகம் கலக்குவதில்லை. முந்திரிக்கொத்தைப் பின்னால் வையுங்கள். மேல்மாவு எங்காவது விரிசல் விட்டால் உள்ளிருக்கும் கருப்பட்டிப் பாகு கசிந்து அடியில் கருகும். மீன் பொரிப்பதாயிருந்தால் அது கடைசி. அதற்குப்பின் அந்த எண்ணெயில் வேறொன்றும் சுடவேண்டாம்.

வேலை முடிந்தபின்தான் பலரும் தவறுகிறோம். அன்றிரவு நானும் அங்கேதான் தவறினேன். அக்கா எண்ணெயை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப்போகமாட்டார். கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும், வெள்ளை வேட்டித் துணியை மடித்து அதன் வழியே வடிகட்டுவார். அடியில் தங்கும் கசண்டை ஊற்றாமல் நிறுத்திவிடுவார். நன்றாகக் காய்ந்த எவர்சில்வர் தூக்குவாளியில் ஏறக்குறைய விளிம்புவரை நிரப்பி இறுக மூடி, அடுப்பிலிருந்து தள்ளி இருட்டான இடத்தில் வைப்பார். வாளியில் இடம் காலியாக இருந்தால் அங்கே காற்று இருக்கும் அல்லவா? வாணலியைப் பிசின் இல்லாமல் தேய்த்துக் கழுவித் துடைத்த பின்புதான் வீட்டுக்குக் கிளம்புவார். கால் மணி நேர வேலை. முப்பது ஆண்டுகளாக ஒருநாளும் தவறியதில்லை.

அவர் அப்படிச் செய்துகொண்டிருந்தபோது லேவியராகமம் ஆறாம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. பலிபீடத்தில் நெருப்பு அணையாமல் எரியவேண்டும் என்பதை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் அந்தப் பகுதி, ஆசாரியன் சணல்நூல் அங்கியோடு இரவின் சாம்பலை எடுப்பதையும், பின்பு வேறு உடை உடுத்தி அதைப் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதையும் சொல்கிறது. சாம்பல் அள்ளுவது ஆசாரியனின் ஊழியத்துக்குப் புறம்பான வேலை அல்ல, அதுவும் ஊழியமே. அக்காவின் வேட்டித் துணியில் அதைக் கண்டேன்.

இவ்வளவு பேணினாலும் எண்ணெய் ஒருநாள் சாகும். அதை அறியவும் அவர் கற்றுத்தந்தார். பழைய சூட்டிலேயே புகைகிறதா? பொடி நுரை எழுந்து அடங்காமல் நிற்கிறதா? கரண்டியிலிருந்து விழும்போது தேன்போலத் தடித்து இழுக்கிறதா? ஆறிய பின்பு சிக்கு வாடை அடிக்கிறதா? இவற்றில் ஒன்று உறுதியானாலும் அவர் இரண்டாம் யோசனை செய்வதில்லை. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவேண்டாம் என்றும் சொன்னார். மிளகாய்ப் பொடியும் நிறம் மாற்றும். உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டால் எண்ணெய் புதிதாகிவிடும் என்று சொல்கிறார்களே என்று கேட்டேன். "தூசியப் புடிக்கும் ஐயா. செத்தத எழுப்புமா?" என்றார்.

கெட்டுப்போன எண்ணெயின் எல்லை எது என்பதற்கு நம் நாட்டில் சட்டமும் உண்டு. பொரிக்கும்போது சிதைவினால் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் ரூகோ என்னும் திட்டத்தையும் தொடங்கியது. சமையலுக்குச் செத்த எண்ணெய் வாகனத்தை ஓட்டும். ஆகவே அதைச் சாக்கடையில் ஊற்றி அடைக்காமல், ஆறவைத்து பாட்டிலில் அடைத்து, சேகரிப்போர் உள்ள ஊர்களில் அவர்களிடம் கொடுங்கள். ஏழை வீட்டுக்குத் தருமம் என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நம் பிள்ளைக்கு ஆகாதது அவர்கள் பிள்ளைக்கும் ஆகாது.

ஆனால் அன்று நான் சொன்ன ஆலோசனையைப் பற்றி அக்கா கூறியதே என் உள்ளத்தில் தங்கிவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் எண்ணெய் குறையக் குறையப் புதியது சேர்ப்பதில் தவறில்லை. அவரும் சேர்ப்பார், பெரிய தொழிற்சாலைகளும் அப்படியே செய்கின்றன. செத்த எண்ணெயில் புதியதை ஊற்றுவதோ வேறு காரியம். பழையதிலுள்ள சிதைவு புதியதையும் பற்றிக்கொள்ளும். "அன்னைக்கு நீங்க ஊத்தச் சொன்ன நல்ல எண்ணெயும் போச்சு ஐயா" என்றார் அவர். ஒரு டின்னைக் காப்பாற்றப்போய் ஒன்றரை டின்னை இழந்தோம்.

செத்துப்போன சிற்றீக்கள் தைலக்காரனின் நறுமணத் தைலத்தை நாறவைப்பதையும், ஞானத்துக்குப் பேர்பெற்றவனைச் சிறு மதியீனம் கெடுப்பதையும் பிரசங்கி ஒப்பிட்டுப் பேசுகிறார். அந்த இரண்டு வாரங்களில் நான் செய்தது அதுதான். கமிட்டிக் கூட்டத்தில் விழுங்கிய ஒரு சொல் எனக்குள் கிடந்தது. அதை எடுத்துப் போடாமல், அதன்மேல் புதிது புதிதாக நல்ல காரியங்களை ஊற்றினேன். அந்த நாட்களில் வழக்கத்தைவிட அதிகமாக வீடு சந்தித்தேன். அதிக நேரம் ஜெபித்தேன். பிரசங்கத்துக்கு அதிகமாக ஆயத்தப்பட்டேன். எல்லாவற்றிலும் அதே கமறல் இருந்தது. சபையார் அறிந்தார்களோ என்னவோ, நான் அறிந்தேன்.

அன்பானவர்களே, உங்களுக்குள்ளும் பேணவேண்டியவை உண்டு; கொட்டவேண்டியவையும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கணவன் மனைவிக்கிடையே அன்றன்று உதிரும் சிறு கசப்பை அன்றிரவே வடிகட்டிவிடுங்கள். அடியில் கிடந்தால் அது நாளைய பேச்சில் கருகும். சகோதரனிடம் மறைத்த பங்கு, பிறர்மேல் போக விட்ட பழி, இவை வடிகட்டித் தீருபவை அல்ல. அவற்றின்மேல் காணிக்கையையும் உபவாசத்தையும் எவ்வளவு ஊற்றினாலும் அந்த நல்லவையும் சேர்ந்தே கெடும். உரியவரிடம் போய்ச் சொல்லிக் கொட்டிவிடுங்கள். நட்டம் வரும், எனக்கும் வந்தது. சில மாதங்கள் சபையில் சிலர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அந்த நட்டம் எனக்குத் தகும்.

அக்காவின் கடையில் மறுபடியும் கூட்டம் கூடிற்று. அடுத்த ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகையில் எண்ணெய் முழுவதும் அவருடைய பொறுப்பில் இருந்தது. சனிக்கிழமை இரவு அவர் கரண்டியால் மொண்டு பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் கணக்கு நோட்டை மூடிவிட்டு, கொட்டுவதற்கு வாணலியின் ஒரு காதைப் பிடித்தேன்.

ஜெபிப்போம்: பரம பிதாவே, எங்கள் அடுப்புகளையும் எங்கள் இருதயங்களையும் சுத்திகரியும். அன்றன்று அகற்றவேண்டியதை அன்றே அகற்றும் விழிப்பையும், கொட்டவேண்டியதைக் கொட்டிவிடும் துணிவையும் தாரும். எங்கள் மௌனத்தால் பழி சுமப்பவர்களுக்கு எங்கள் வாயாலேயே நியாயம் செய்ய உதவி செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர்தாமே உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.